பாண்ட் படங்களில் ஆக மொக்கை எது? ஞாயிற்றுக்கிழமை செட்டிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை. ஞாயிறு மாலை அந்த வழியாகப் போனால், வாசல் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பாகப்பிரிவினைத் தகராறு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சொத்துத் தகராறெல்லாம் இல்லை. ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ஆக மட்டமானது எது என்பதுதான் வழக்கு. சிறந்த படம் எது என்று கேட்டால் நாலைந்து பெயருக்குள் முடித்துவிடுவோம். மட்டமானது எது என்று கேட்டால்தான் டீ ஆறிப்போகும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தால், கடைக்காரர் நாங்கள் எழுவதற்குள் பெஞ்சை உள்ளே இழுத்துவிடுகிறார். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். பதில்களில் இருக்கும் சாய்வு என்னுடையது. செட்டில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொத்தம் எத்தனை படம்? எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறீர்கள்?

1962-இல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி 2021-இல் வந்த 'நோ டைம் டு டை' வரை, இயான் (Eon) என்ற தயாரிப்பு நிறுவனம் எடுத்தவை 25. ஷான் கானரி 6, ஜார்ஜ் லேசன்பி 1, ரோஜர் மூர் 7, டிமோதி டால்டன் 2, பியர்ஸ் பிராஸ்னன் 4, டேனியல் கிரெய்க் 5. இந்த 25-க்குள்தான் சண்டை.

1967 'கேசினோ ராயல்', 1983 'நெவர் சே நெவர் அகெய்ன்' இரண்டையும் ஏன் சேர்ப்பதில்லை?

அலங்காநல்லூரில் டோக்கன் வாங்காத மாட்டை வாடிவாசலுக்குள் விட மாட்டார்கள். அந்தக் கதைதான் இதுவும்.

1967-இல் வந்தது கேலிப்படம். டேவிட் நிவன், பீட்டர் செல்லர்ஸ், ஆர்சன் வெல்ஸ், உடி ஆலன் எனப் பெரிய கூட்டமே உண்டு. இயக்குநர்களும் ஐந்து பேர். ஐந்து சமையல்காரர்கள் ஒரே அண்டாவில் கரண்டி விட்டது போல இருக்கும். அந்த நாவலின் உரிமை முன்பே வேறு கைக்குப் போயிருந்ததால்தான் வெளியாள் எடுக்க முடிந்தது.

1983 படம் வேறு விவகாரம். 'தண்டர்பால்' கதையை, பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங் தனியாக உருவாக்கவில்லை. கெவின் மெக்ளோரி, ஜாக் விட்டிங்ஹாம் என்று இன்னும் இரண்டு பேருக்கு அதில் பங்கு இருந்தது. வழக்கு நடந்து 1963-இல் சமரசம் ஆனபோது படமாக்கும் உரிமை மெக்ளோரி கைக்கு வந்தது. அதை வைத்துத்தான் இருபது வருடம் கழித்து, கானரியையே கூப்பிட்டு அதே கதையை மறுபடி எடுத்தார்கள். மெக்ளோரி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லோரும் 'டை அனதர் டே' என்றுதானே சொல்கிறார்கள்? அப்புறம் என்ன சண்டை?

கை தூக்கச் சொன்னால் அந்தப் படத்துக்குத்தான் அதிகக் கை எழும்பும், மறுக்கவில்லை. 2002-இல் வந்த படம். வரிசையில் இருபதாவது, பாண்ட் திரைக்கு வந்து நாற்பதாவது வருடம். திருவிழாவுக்குச் சீரியல் செட் போடுவது போல எதையும் விடாமல் தொங்கவிட்டார்கள். ஐஸ்லாந்தில் பனிக்கட்டி மாளிகை, வானத்திலிருந்து சூரிய வெளிச்சத்தைக் குவித்து எரிக்கும் செயற்கைக்கோள், மரபணுச் சிகிச்சையில் முகம் மாறி வெள்ளைக்காரராக வந்து நிற்கும் வடகொரிய ராணுவ அதிகாரி. எல்லாவற்றுக்கும் மேல், கண்ணுக்குத் தெரியாத கார். எல்லாப் பக்கமும் சின்னச் சின்னக் கேமரா இருக்கிறதாம், எதிர்ப்பக்கக் காட்சியை மேல்தோலில் காட்டுமாம், அதனால் கார் தெரியாதாம். எங்கள் செட்டில் டீச்சர் அக்கா முதல்முறை பார்த்தபோது கேட்டது இதுதான்: "ஏப்பா, இது பாண்ட் படமா, விட்டலாச்சாரியா படமா?"

அந்த அலை மேல் சறுக்கும் காட்சியைப் பற்றி யாரும் ஆதரவாகப் பேசி நான் கேட்டதில்லை. உருகும் பனிப்பாறையிலிருந்து விழுந்து, பாராசூட் துணியைப் பிடித்துக்கொண்டு, ராட்சச அலையில் பாண்ட் சறுக்குவார். முழுக்க கம்ப்யூட்டர் வேலை. உண்மையான மலை உச்சியிலிருந்து உண்மையான மனிதன் குதிப்பதைக் காட்டிப் பெயர் வாங்கிய வரிசை இது. அந்த வரிசையில் இப்படி ஒரு பொம்மை சறுக்கினால் கோபம் வரத்தானே செய்யும்.

ஆனால் நியாயமாகப் பேசவேண்டும். முதல் ஒரு மணி நேரம் நல்ல படம். வடகொரியாவில் பிடிபட்டு, பதினாலு மாதம் சிறையில் அடிவாங்கி, தாடியும் பரட்டைத் தலையுமாக, ஈரமான பைஜாமாவோடு ஹாங்காங்கின் பெரிய ஹோட்டலுக்குள் பிராஸ்னன் நடந்து வருவார். சொந்த வேலையிடமே அவரைக் கைகழுவியிருக்கும். லண்டன் கிளப்பில் விளையாட்டாக ஆரம்பித்து ஆத்திரமாக மாறும் வாள் சண்டையும் தேறும். கெட்டுப்போனது இடைவேளைக்கு அப்புறம்தான். பாதி பிரியாணி நன்றாக இருந்து அடியில் பிடித்துவிட்டால், அந்தக் கடையை ஊரிலேயே மோசமான கடை என்று சொல்வோமா?

'மூன்ரேக்கர்'? பாண்ட் விண்வெளிக்கே போய்விடுகிறாரே!

போகிறார். லேசர் துப்பாக்கியோடு சுடவும் செய்கிறார். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்து கல்லா நிரப்பியது. அதே வருடம் வந்த பாண்ட் படத்தின் கடைசியில் அடுத்தது 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று எழுத்தே போட்டிருந்தார்கள். அதை ஓரம் கட்டிவிட்டு ராக்கெட்டைக் கையில் எடுத்தார்கள். 1979-இல் படம் வந்தது, உலகம் முழுக்க 21 கோடி டாலர் போல வசூல். 1995-இல் 'கோல்டன்ஐ' வரும்வரை அந்த எண்ணிக்கையை வேறு பாண்ட் படம் தாண்டவில்லை.

வெனிஸ் நகரத்தில் படகு திடீரென்று தரையில் ஏறி ஓட, அதைப் பார்த்து ஒரு புறா இரண்டு தடவை தலையைத் திருப்பும். அந்தப் புறாவைப் பிடிக்காதவர்கள் செட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். இரும்புப் பல் ஜாஸுக்குக் காதலி வந்ததும் அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

இந்தப் படத்தை மொக்கை என்கிறவர்கள் ஆரம்பக் காட்சியை மறந்துவிடுகிறார்கள். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து தள்ளப்பட்டு, நடுவானில் இன்னொருவனிடமிருந்து பாராசூட்டைப் பிடுங்குவார் பாண்ட். நிஜ ஆட்கள் 88 தடவை குதித்து எடுத்த காட்சி அது. இன்னொன்று, நாசாவின் முதல் விண்வெளி ஓடம் கிளம்பியது 1981 ஏப்ரலில். டெரிக் மெடிங்ஸ் சின்ன பொம்மைகளை வைத்து அதற்கு இரண்டு வருடம் முன்பே திரையில் கிளப்பிக் காட்டிவிட்டார். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. வில்லன் மைக்கேல் லான்ஸ்டேல், நல்ல வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது போல மெதுவாகக் கொலை மிரட்டல் விடுப்பார். கூத்தடிக்கிற படம்தான். ஆனால் அலுத்துச் சலித்து எடுத்த படம் இல்லை. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

பெரியவர்கள் ஒரு மாதிரி, இளசுகள் ஒரு மாதிரி ஓட்டுப் போடுகிறார்களே, ஏன்?

எங்கள் செட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ஸ்டேஷனுக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகலில் பாண்ட் பார்த்தவர். அந்தக் காலத்தில் மதுரையில் ஆங்கிலப் படம் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் ரீகல். டப்பிங் கிடையாது, கீழே எழுத்தும் ஓடாது. "நாலு வார்த்தையில ஒரு வார்த்தை புரியும். அதுவும் 'பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்'தான்" என்பார்.

அப்படிப் பார்த்தவருக்கு வசனம், திட்டம், உளவுச் சிக்கல் எதுவும் கணக்கே இல்லை. முகம், கார், குதி, சத்தம், அவ்வளவுதான். அந்தக் கண்ணால் பார்த்தால் 'மூன்ரேக்கர்' முதல் தரம். நுணுக்கமாகப் பேசியே ஓடும் படங்கள் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும். கிரெய்க் காலத்தில் தமிழ் டப்பிங்கிலும் வீட்டு டிவியில் எழுத்துகளோடும் பார்த்த மெடிக்கல் ஷாப் தம்பிக்கு நேர் எதிர். கதையில் ஓட்டை இருந்தால் அவனால் தாங்க முடியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ராணி காமிக்ஸில் பாண்ட் படித்து வளர்ந்த என்னைப் போன்றவர்கள். எங்களுக்குப் படத்தைவிடக் கட்டம் கட்டமாக ஓடும் கதைதான் பாண்ட். ஆக, ஒருவர் எதை மொக்கை என்கிறார் என்பதை வைத்து அவர் எந்த வருடம் பாண்டைச் சந்தித்தார் என்று சொல்லிவிடலாம்.

ரோஜர் மூருக்கு வயதாகிவிட்டது என்பதுதான் 'எ வியூ டு எ கில்' மேல் உள்ள குற்றமா?

அது பாதிக் குற்றம். 1985-இல் படம் வந்தபோது அவருக்கு 57. வயது மீறிவிட்டது என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பலருக்குத் தெரியாத சங்கதி, மூர் கானரியைவிட கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவர். கானரி விட்டுப்போன நாற்காலியில் தன்னைவிட மூத்தவர் வந்து உட்கார்ந்தார், அதுவும் ஏழு படத்துக்கு.

நம் ஊரில் ஐம்பத்தேழு வயதுக் கதாநாயகன் கல்லூரி மாணவனாக வந்தபோதே விசில் அடித்த கை இது, வயதைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. மீதிப் பாதிக் குற்றம்தான் பெரிது. ஓடும்போது, குதிக்கும்போது, பனியில் சறுக்கும்போது திரையில் இருப்பது டூப் என்பது கடைசி வரிசைக்கும் தெரிகிறது. சறுக்கும் காட்சியின் நடுவே திடீரென்று ஒரு கடற்கரைப் பாட்டைப் போட்டு உயிரை வாங்குவார்கள். இவ்வளவுக்கும் கிறிஸ்டோபர் வாக்கன் போல ஒரு வில்லன் கிடைத்திருக்கிறார். கோல்டன் கேட் பாலத்திலிருந்து கை நழுவி விழப்போகிற நேரத்தில் லேசாக ஒரு சிரிப்பு சிரிப்பார், பாருங்கள். டுரான் டுரான் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, வேறு எந்தப் பாண்ட் பாட்டும் அதைச் செய்யவில்லை. நல்ல கறியும் நல்ல மசாலாவும் இருந்து அடுப்பில் தீ இல்லாத கதை.

'ஆக்டோபஸி' நம்மைக் கேலி செய்கிற படம்தானே? அதை ஏன் அடிமட்டத்தில் போடவில்லை?

டீச்சர் அக்கா போடுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உதய்ப்பூரில் எடுத்த ஆட்டோ துரத்தலில் வாள் விழுங்குகிறவர், தீ மிதிக்கிறவர், ஆணிப் படுக்கைச் சாமியார் எல்லாரும் ஒரே சந்தில் வரிசையாக நிற்பார்கள். அந்தத் தெருவில் வேலைவெட்டிக்குப் போகிற மனிதர் ஒருவர்கூட இல்லை. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தைக் கூட இருக்கும் இந்தியர் கையில் திணித்து, கொஞ்ச வாரத்துக்குக் கறிக்குக் கவலையில்லை என்கிற மாதிரி பாண்ட் ஒரு வசனம் விடுவார். அந்த இடத்தில் செட்டே அமைதியாகிவிடும். அப்புறம் புலியைப் பார்த்து 'உட்கார்' என்பார், கொடியைப் பிடித்து டார்ஜான் போலக் கத்துவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் இதில் விஜய் என்ற பெயரிலேயே உளவுத்துறை ஆளாக வருகிறார். பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்ட் படத்தின் இசையையே ஊதி அடையாளம் சொல்வார். ஆட்டோ ஓட்டிக்கொண்டே டென்னிஸ் மட்டையால் அடியாட்களை வெளுக்க, தெருக்கூட்டம் ஆட்டம் பார்ப்பது போல இடமும் வலமும் தலையைத் திருப்பும். 1983-இல் நம்மவர் ஒருவர் பாண்டுக்குச் சாரதி! அவரைப் பாதியில் கொன்றுவிட்டார்கள், அதை மன்னிக்க மாட்டேன். உயிரை எடுப்பது ரம்பம் கட்டிய யோ-யோ, அதுவும் ஒரு வகைக் கொடுமை.

ஆனால் படத்தின் கடைசிப் பகுதி நிஜமாகவே பிடித்து இழுக்கும். ஆரம்பத்தில் ஒரு உளவாளி கோமாளி வேஷத்தில் ஓடிவந்து செத்து விழுவார். முடிவில் அதே போலக் கோமாளிச் சாயம் பூசிக்கொண்டு பாண்ட் சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைந்து, அணுகுண்டு இருக்கிறது என்று கதறுவார். கூட்டம் சிரிக்கும். கேலிப் படம் என்று பெயர் வாங்கியதில் இப்படி ஒரு காட்சி இருக்கிறது. இதை அடிமட்டத்தில் போட எனக்கு மனசு வரவில்லை.

கார் புரண்டு பறக்கும்போது விசில் சத்தம் வருமே, அது எந்தப் படம்?

'தி மேன் வித் தி கோல்டன் கன்', 1974. இதைச் சொல்லால் விளக்க ரயில்வே பெரியப்பா விடமாட்டார். தீப்பெட்டியை எடுப்பார், இரண்டு டீ கிளாஸை நடுவில் இடைவெளி விட்டு வைப்பார். உடைந்த பாலம் இந்தப் பக்கம் இப்படித் திருகியிருக்கும், அந்தப் பக்கம் அப்படித் திருகியிருக்கும் என்று விரலால் காட்டுவார். அப்புறம் தீப்பெட்டி கிளம்பும், நடுவானில் ஒரு முழுச் சுற்று புரளும், பெரும்பாலும் யாராவது ஒருவர் டீக்குள் விழும். நிஜத்தில் கார் விழவில்லை. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, தாய்லாந்தில் ஒரே டேக்கில் எடுத்தார்கள். ஓட்டியவர் நிஜ மனிதர்.

இப்படி ஒரு சாகசத்தை எடுத்துவிட்டு, கார் சுற்றும் அந்த நேரத்தில் சர்க்கஸ் கோமாளிக்கு ஊதும் 'ஃபூய்ங்' என்ற ஊதல் சத்தத்தைப் போட்டார்கள். ஜான் பேரி போல ஒரு இசையமைப்பாளர் செய்த காரியம்! அவரே பிறகு வருத்தப்பட்டார். கல்யாண மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஏப்பம் விட்டது போல. கிறிஸ்டோபர் லீ வில்லனாக இருந்தும் படம் நொண்டுகிறது. லூசியானா போலீஸ்காரர் ஒருவர் சம்பந்தமே இல்லாமல் தாய்லாந்துக்குச் சுற்றுலா வந்து நிற்கிறார். எனக்கு இது கீழிருந்து மூன்றாவது.

கானரி படங்களில் மொக்கையே கிடையாதா?

பெரியப்பா எதிரில் இதைக் கேட்காதீர்கள். அவர் இல்லாதபோது சொல்கிறேன்: 'டைமண்ட்ஸ் ஆர் ஃபார்எவர்', 1971. அதற்கு முந்திய படத்தின் கடைசிக் காட்சியில் பாண்டின் மனைவி கல்யாணக் கோலம் கலையும் முன் சுட்டுக் கொல்லப்படுகிறார். அடுத்த படத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நம் ஊரில் கருமாதி முடிவதற்குள் சினிமாவுக்குப் போனால்கூட நாலு பேர் கேட்பார்கள். கானரி பன்னிரண்டரை லட்சம் டாலர் சம்பளம் வாங்கி, அதை ஸ்காட்லாந்தில் கல்விக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் நடிப்பில் ஆர்வம் இல்லை. லாஸ் வேகாஸ் சந்து ஒன்றில் கார் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து நுழையும், இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து வெளியே வரும். எடிட்டிங் மேஜையில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள் போல.

'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் ஆறடி இரண்டங்குல ஸ்காட்லாந்துக்காரருக்குப் புருவம் வரைந்து ஜப்பான் மீனவர் என்பார்கள். சிரித்துவிட்டு நகரலாம், கென் ஆடம் கட்டிய எரிமலை அரங்கம் எல்லாவற்றையும் மறக்க வைத்துவிடும். அந்த ஒரு அரங்கத்துக்கு ஆன செலவு, 'டாக்டர் நோ' முழுப்படத்துக்கு ஆன செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

லேசன்பி? டால்டன்?

லேசன்பி சாக்லேட் விளம்பர மாடல், ஒரே படம். ரொம்ப நாள் கேலிப் பொருளாக இருந்தது, இப்போது பாதிப் பேர் முதல் ஐந்தில் வைக்கிறார்கள். நானும்தான். டால்டன் படம் இரண்டுமே இந்தச் சண்டைக்கு வராது.

'குவாண்டம் ஆஃப் சோலஸ்' பற்றிக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது உங்களுக்கு?

கோபம் இல்லை, ஆதங்கம். 2008 படம். 106 நிமிடம், வரிசையிலேயே சின்னது. எடுக்கும் நேரத்தில் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். கதை முடியாமலே படப்பிடிப்புக்குப் போய், நடிகரும் இயக்குநரும் உட்கார்ந்து காட்சி எழுதிய படம் என்று கிரெய்க்கே சொல்லியிருக்கிறார். சண்டைக் காட்சிகளில் வெட்டு வெட்டென்று வெட்டியிருப்பார்கள். யார் யாரை அடிக்கிறார் என்று தெரிவதற்குள் அடி முடிந்துவிடும். இந்தக் குறைகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் இதன் மேல் சொல்லப்படும் முக்கியமான புகார் என்ன தெரியுமா? வில்லன் சப்பையாம். தண்ணீரைத் திருடுகிறானாம், இதெல்லாம் ஒரு திட்டமா என்கிறார்கள். லண்டனில் இருப்பவர் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம், குழாயைத் திறந்தால் வருகிறது. வைகைக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அதைச் சொன்னால் எப்படி?

பொலிவியாவின் நிலத்தடி நீரை ரகசியமாக அணை போட்டுத் தேக்கிவிட்டு, வறண்ட நாட்டுக்கே விலைக்கு விற்க ஒப்பந்தம் போடுகிறான் கிரீன். ஒரு கிராமத்தில் குழாயடியில் சனங்கள் பாத்திரத்தோடு நிற்க, குழாய் சொட்டி நின்றுபோகும். சில நொடிதான் அந்தக் காட்சி. மெடிக்கல் ஷாப் தம்பி வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது, கதையே கவனிக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் அம்மா தலையைத் தூக்கி, "எந்த ஊருடா இது?" என்றார். அந்தப் படத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, முன்னால் நகர்த்தியது யார் என்று சண்டை போட்டவருக்கு அந்த வில்லனை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2000-இல் பொலிவியாவின் கொச்சபாம்பாவில் தண்ணீர் விநியோகம் தனியாருக்குப் போய், கட்டணம் ஏறி, மக்கள் தெருவில் இறங்கிப் போராடியது நிஜமாகவே நடந்தது.

மேற்கே கடலுக்கு ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய பென்னிகுயிக்குக்கு இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். தண்ணீர் கொடுத்த வெள்ளைக்காரரின் படம் வீட்டில் மாட்டும் சீமையில், தண்ணீர் திருடும் வெள்ளைக்காரனை வில்லனாக ஏற்க என்ன தயக்கம்? முடிவில் பாண்ட் அவனை நடுப் பாலைவனத்தில் இறக்கிவிட்டு, கையில் ஒரு டின் என்ஜின் ஆயிலைக் கொடுத்துவிட்டுப் போவார். தாகம் எடுத்தால் குடித்துக்கொள் என்று. இந்த வரிசையில் இதைவிடப் பொருத்தமான தண்டனை எனக்குத் தெரியவில்லை.

சரி, எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குகிறீர்கள். உங்கள் ஓட்டு எதற்கு?

'ஸ்பெக்டர்', 2015.

தெரியும், ஆரம்பம் பிரமாதம். மெக்சிகோவில் இறந்தோர் திருவிழாக் கூட்டத்தில் வெட்டே தெரியாமல் ஓடும் அந்த நீளமான ஷாட்டைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் பாருங்கள். ரோம் நகரத்தில் இந்தப் படத்துக்கென்றே செய்த ஆஸ்டன் மார்ட்டினில் துரத்தல், ரோட்டில் ஆளே இல்லை, நம் மாசி வீதியில் ஊரடங்கு நாளில்கூட இதைவிட நடமாட்டம் இருந்தது. மொராக்கோவில் கின்னஸ் சாதனை வெடிப்பு, அதை பாண்ட் தூரத்தில் நின்று தீபாவளிக் கடைசி வெடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். மண்டைக்குள் துளை போட்டால் ஆள் முகம் அடையாளம் தெரியாமல் போகும் என்று மிரட்டித் துளையும் போடுகிறான் வில்லன். அடுத்த நிமிடம் பாண்ட் எழுந்து குறி தவறாமல் சுடுகிறார்.

இவ்வளவும் சில்லறைக் குற்றம். பெரிய குற்றம் வேறு. மெக்ளோரியை ஞாபகம் இருக்கிறதா? ஸ்பெக்டர் என்ற அமைப்பும் புளோஃபெல்ட் என்ற வில்லனும் அந்த வழக்கில் மாட்டிக்கொண்டு பல வருடம் இயான் நிறுவனத்தின் கைக்கு வராமல் இருந்தார்கள். 1981 படத்தில் சக்கர நாற்காலி மொட்டைத்தலை ஒருவனை, பெயரே சொல்லாமல், புகைபோக்கிக்குள் போட்டது அதனால்தான். கிரெய்க் படங்களில் 'குவாண்டம்' என்று புது அமைப்பு வந்தபோதும் ஸ்பெக்டர் பெயர் கைவசம் இல்லை. 2013-இல் மெக்ளோரி குடும்பத்தாருடன் உடன்பாடு ஆகி உரிமை வந்தது. வந்த வேகத்தில், பழைய அடகு நகை மீண்டதும் எல்லாவற்றையும் ஒரே கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவது போல, முந்திய மூன்று படத்தின் வில்லன்களும் புளோஃபெல்ட் ஆட்கள்தான் என்று மாட்டிவிட்டார்கள். அதுவும் போதாதென்று புளோஃபெல்ட் பாண்டுக்கு வளர்ப்பு அண்ணன் முறையாம். அப்பா தன்னைவிட பாண்டிடம் பாசம் காட்டினார் என்ற பொறாமையில் அத்தனையும் செய்தானாம்.

பங்காளிச் சண்டையில் நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். கேட்டவுடன் எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'ஸ்கைஃபால்' வில்லன் சில்வாவுக்கு இருந்தது தன்னைக் கைவிட்ட தலைவி மேல் தனிப்பட்ட வெஞ்சினம். படத்தின் உயிரே அதுதான். அவன் யாரோ ஏவிய ஆள் என்று ஆனால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை? கடைசியில் இடிந்த கட்டடத்துக்குள் செத்தவர்களின் படங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் கடையில் அவசரமாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டியது போல இருக்கும். உலகத்தையே ஆட்டிவைக்கிற வில்லன் நின்று செல்லோ டேப் கிழித்து ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

'டை அனதர் டே' தன்னை மட்டும் கெடுத்துக்கொண்டது. 'ஸ்பெக்டர்', தான் கெட்டதோடு வனத்தையும் கெடுத்த குரங்கு.

இந்தியாவில் 'ஸ்பெக்டர்' படத்தை வெட்டிவிட்டார்கள் என்பது உண்மையா?

முத்தக் காட்சிகளின் நீளத்தைத் தணிக்கையில் பாதியாகக் குறைத்தார்கள். ஊரே கேலி செய்தது. அதனால் படம் கெட்டது என்று வாதாட வராதீர்கள், முழுசாகப் பார்த்தாலும் அண்ணன் தம்பிக் கதை அப்படியேதான் இருக்கும்.

மோசமான படம் வந்தால் வரிசை முடிந்துவிடும் என்ற பயம் இருந்ததில்லையா?

எப்போதும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சறுக்கலுக்கும் அப்புறம் அவர்கள் காலைத் தரையில் ஊன்றியிருக்கிறார்கள். விண்வெளிக்குப் போய் வந்தபின் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி', மூர் ஓய்ந்தபின் டால்டன், கண்ணுக்குத் தெரியாத காருக்குப் பின் 2006 'கேசினோ ராயல்'. கடைசியாகச் சொன்னதில் கிரெய்க்கைப் போட்டதற்கே எதிர்ப்புக் கிளம்பியது, படம் வந்ததும் அடங்கியது.

'நோ டைம் டு டை' பற்றி?

163 நிமிடம், பாண்ட் சாகிறார். பெரியப்பா இன்னும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டாராம். அவர் இருக்கும்போது முடிவைப் பேசுவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஜெய்சங்கர் படங்களைச் சேர்க்கலாமா?

தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் மேல் கை வைக்கக் கூடாது.

நாங்களும் வரலாமா?

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மேல் வாருங்கள். டீ அவரவர் காசு. எந்தப் படத்தை மொக்கை என்கிறீர்களோ அதை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும், யூடியூப் துண்டுகள் செல்லாது. டீச்சர் அக்கா கேள்வி கேட்பார். போன மாதம் ஒருவர் வந்து 'மூன்ரேக்கர்' குப்பை என்று ஆரம்பித்தார். புறா எந்த ஊரில் தலையைத் திருப்பும் என்று அக்கா கேட்டதும், வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டது ஞாபகம் வந்துவிட்டது என்று எழுந்து போனவர்தான்.